மகளுக்கு அம்மா

திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவுக்குள் வந்து அழகி வீடு எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். சிவரஞ்சனி வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிடும். பெற்றவள் இருக்கும்போதே மகள் பெயரால் வீடு விளங்கியது அழகிக்குக் குறையாகத் தெரியவில்லை. கேஸ் சிலிண்டருக்குப் போன் போட்டால்கூட, "நர்ஸ் சிவரஞ்சனி வீட்டுலேர்ந்து பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும்.

நான் பரிமளா. எதிர்வீடு. ஜாக்கெட் தைக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் ஒரு பெயர் உண்டு, அதை நான் மறுக்கப் போவதில்லை. அழகி பேச வேண்டியதையெல்லாம் பேசாமல் விட்டுவிட்டாள். அவளுக்கும் சேர்த்து யாராவது பேச வேண்டுமே.

அழகிக்கு ஊர் ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கிராமம். இருபது வயதில் ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மகள் சிவரஞ்சனிக்கு மூன்று வயது நடக்கும்போது லாரி கவிழ்ந்து அவர் போய்ச் சேர்ந்தார். புருசன் இல்லாதவள் என்ற தகுதியில் அழகிக்குச் சத்துணவில் சமையல் வேலை கிடைத்தது. அரசாங்கம் அந்தத் தகுதிக்கு முன்னுரிமை கொடுக்கிறது, என்ன செய்ய. அந்த வேலையை வைத்துக்கொண்டு வாடகை வீட்டில் இருந்தே மகளை நர்சிங் படிக்க வைத்தாள்.

அழகியின் அப்பா இறந்தபோது நிலம் கொஞ்சம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. அப்பன் செத்து வருசம் திரும்புவதற்குள் அண்ணன் தம்பிகள் ஒரு கார் பிடித்து வருவார்கள். அக்காள் தங்கைகளை ஏற்றிக்கொண்டு பத்திர ஆபீசுக்குப் போவார்கள். எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு ஓட்டலில் சாப்பாடு, ஆளுக்கு ஒரு பட்டுச் சேலை. அதற்குப் பதிலாகப் பொங்கல் சீர் வரும், காதுகுத்துக்குத் தாய்மாமன் வருவான், பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்கும். கையெழுத்துப் போடாதவளுக்கு அந்த வாசல் கிடையாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அழகியின் அண்ணன் பிச்சைமுத்துவும் கார் கொண்டுவந்தார். அழகி ஏறவில்லை. கல்யாணம் முடிந்த பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்த நேரம். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு அழகி அதை மனசில் முடிந்து வைத்திருந்தாள்.

"எனக்குச் சேலை வேணாம்ணே. என் பங்கக் குடு" என்றாள்.

"தாராளமா வாங்கிக்க" என்றார் பிச்சைமுத்து. "அதோட ஒனக்குப் பொறந்த வீடு இல்ல. ஒம்மகளுக்குத் தாய்மாமனும் இல்ல."

பஞ்சாயத்து, வக்கீல் நோட்டீஸ், பேச்சு, ஏச்சு எல்லாம் ஆகி ஒரு பங்கு வந்தது. அதை விற்றுத்தான் எங்கள் தெருவில் இடம் வாங்கி, இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டுமாகக் கட்டினாள். குடிவந்த புதிதில் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அன்னிக்கி அண்ணன் வீட்டு வாசல்ல நின்னு 'என்னோடது'ன்னு சொன்னேன் பரிமளா. நாப்பது வயசுல மொத தடவையா அந்தச் சொல்லு எவ்வாயில வந்துச்சு. ஒடம்பெல்லாம் நடுங்கிருச்சு."

சிவரஞ்சனி கல்யாணத்துக்குப் பிச்சைமுத்து வரவில்லை. சொன்னதைச் செய்கிற மனிதர். தாய்மாமன் மாலை போட வேண்டிய இடத்தில் தூரத்து உறவில் ஒருவரைத் தேடிப் பிடித்து நிறுத்தினார்கள். அந்த ஆளுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. அழகி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பங்கு வாங்கியதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மாப்பிள்ளை பிரசாந்த், அறந்தாங்கிப் பக்கம். குவைத்தில் வேலை. லீவில் வந்திருந்தவன், கல்யாணமாகி ஒரு வருசம் நிறைவதற்குள் பைக்கில் போய் அடிபட்டுச் செத்துப்போனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாமியார் சொர்ணம், "எம்மவன முழுங்குனவ இந்த வீட்டுல இருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டாள். கொழுந்தன் எழிலரசன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு போன் கிடையாது. செத்தாளா பிழைத்தாளா என்று ஒரு வார்த்தை கிடையாது.

சிவரஞ்சனி தாய் வீட்டுக்கு வந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? "அம்மா வீட்டுல ஒண்டிக்கிட்டாளாம்" என்று பேச்சு வந்தது. அழகி அதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. பத்திர ஆபீசுக்குப் போய் வீட்டை மகள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டாள். நான் கேட்டேன், "ஒங்களுக்கப்புறம் அவளுக்குத்தானே, எதுக்கு இப்பவே?"

"நான் கேட்டு வாங்குன மாதிரி எம்மவ யாருகிட்டயும் கேட்டு வாங்க வேணாம்" என்றாள். "அவ என் வீட்டுல ஒண்ட வேணாம். நான் அவ வீட்டுல இருந்துட்டுப் போறேன்."

அதை அன்று நான் மெச்சினேன். தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் மெச்சினேன். இப்போதும் அதில் தப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு வருடம் அம்மாவும் மகளும் அந்த வீட்டில் இருந்தார்கள். சிவரஞ்சனிக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. ஸ்கூட்டியில் போய் ஸ்கூட்டியில் வருவாள். மறுகல்யாணப் பேச்சு எடுத்தால், "இருக்கிற நிம்மதி போதும்மா" என்று எழுந்து போய்விடுவாள். வீட்டுக்கு மேலே ஒரு அறை கட்டினாள், வாசலுக்குக் கிரில் கேட் போட்டாள். அம்மாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமையானால் மீன் யார் ஆய்வது என்று சண்டை போடுவார்கள். அந்தச் சத்தம் என் தையல் மிசின் வரைக்கும் கேட்கும்.

போன வருசம் ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக் காய்ச்சல் என்றார்கள். வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து, பிறகு தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், அந்த வாரம் முடிவதற்குள் வெள்ளைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். முப்பத்தாறு வயது.

அழகி அழவில்லை. பாயில் கிடந்த மகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள். "அழுதுரு அழகி, அடக்கி வைக்காத" என்று பெண்கள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். எனக்கு அவர்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. அழுகை என்ன குழாயிலா வருகிறது, திறந்துவிட?

நல்லதுக்குச் சொன்னால் போக வேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும் என்பார்கள். பிச்சைமுத்து வந்தார். பதினைந்து வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. கையில் கோடிச் சேலை, மாலை. மருமகள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்து ஆண்களோடு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பேச்சு தொடங்கியது. கொள்ளி யார் வைப்பது?

பிள்ளை இல்லை, புருசன் இல்லை. நான் கேட்டேன், "ஏன், நீங்க தாய்மாமன் வைங்க. இல்லாட்டி அழகியே வைக்கட்டும். இப்பல்லாம் பொம்பளைங்க வைக்கிறாங்க."

"கட்டிக் குடுத்த பொண்ணும்மா" என்றார் பிச்சைமுத்து. "அந்த வீட்டுப் பங்காளி நெருப்புத்தான் விழணும். நம்ம வீட்டு நெருப்பு விழுந்தா அது அனாதைப் பொணம். அழகி, என்ன சொல்ற?"

தன் பங்குக்காக ஊரையே எதிர்த்து நின்ற பெண், ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அழகி எழுந்து போய் மகளின் போனை எடுத்தாள். அதில் இல்லாத நம்பரைக் கல்யாணப் பத்திரிகையில் தேடி எடுத்து எழிலரசனுக்குத் தானே போன் போட்டாள். "தம்பி, ஒங்க அண்ணி போயிட்டா. வந்து எடுத்துக் குடுங்க" என்றாள்.

நான் அவளை உள்ளே இழுத்துப் போய்க் கேட்டேன். "பன்னண்டு வருசம் எட்டிப் பாக்காத ஆளுங்கள எதுக்குக் கூப்பிடுறீங்க?"

"ஒருக்கா மொறைய மீறுனேன். தாய்மாமன் இல்லாத கல்யாணமாப் போச்சு அவளுக்கு" என்றாள். "போறதாச்சும் மொறையோட போகட்டும்."

எழிலரசன் வந்தான். குறை சொல்லக் கூடாது, மொட்டை போட்டு, கொள்ளி வைத்து, மூன்றாம் நாள் பால் ஊற்றி, பதினாறு வரைக்கும் எல்லாம் செய்தான். வந்து போகிற நாட்களில் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். மாடி அறைக்கு ஏறினான். கிரில் கேட்டைத் திறந்து மூடினான். பதினாறாம் நாள் சாப்பாட்டு இலை எடுத்த பிறகு, "அத்தை, வீடு ஒங்க பேருல இருக்கா, அண்ணி பேருல இருக்கா?" என்று கேட்டான்.

"அவ பேருலதான் தம்பி. அவ வீடு" என்றாள் அழகி. அந்தச் சின்ன நிமிர்வு அப்போதும் குரலில் வந்துபோனது.

மறுநாளே அழகி பள்ளிக்கூடத்துக்குச் சமைக்கப் போய்விட்டாள். சாம்பாரில் உப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று அங்கே வேலை பார்க்கிற ஆயா என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னாள். கல்நெஞ்சக்காரி என்று அவள் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. உப்பு அளவு கைக்குத் தெரியும், மனசைக் கேட்டா போடுகிறோம்?

மாசம் ஒன்றரை ஆகியிருக்கும். எழிலரசன் ஒரு ஆளோடு வந்தான். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று வாங்கியிருந்தார்கள். அதில் சிவரஞ்சனிக்கு வாரிசு என்று ஒரே ஒரு பெயர் இருந்தது. அழகி பெயர் இல்லை. எழிலரசன் பெயரும் இல்லை. சொர்ணம், கணவரின் தாய்.

"பொங்கலுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க அத்தை" என்றான். "ஸ்கூட்டியும் அண்ணி பேருலதானே இருக்கு? இப்ப எடுத்துட்டுப் போறேன்."

அழகி சாவியை எடுத்துவந்து கொடுத்தாள். அவன் வண்டியைத் திருப்பும்போது, "பின்னாடி பிரேக் சரியாப் பிடிக்காது தம்பி, பாத்துப் போங்க" என்றாள். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். வண்டியைக் கீழே தள்ளிவிடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது.

அவளை வற்புறுத்தி டவுன் பஸ்ஸில் ஏற்றி கோர்ட்டுப் பக்கம் வக்கீல் கார்த்திகாவிடம் கூட்டிப் போனேன். சின்ன வயதுப் பெண். என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவள். பத்திரத்தை ஒரு பக்கம் விடாமல் படித்தாள். படிக்கப் படிக்க முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"இந்த வீடு நீங்க எறந்ததுக்கு அப்புறம் மகளுக்கு வந்திருந்தா, பிள்ளை இல்லாம அவங்க போறப்ப பொறந்த வீட்டுப் பக்கமே திரும்பியிருக்கும். நீங்க உசுரோட இருக்கும்போதே எழுதிக் குடுத்துட்டீங்க. அதனால இது அவங்க சொந்தச் சொத்து. பிள்ளையும் புருசனும் இல்லாத இந்துப் பொம்பளை சொத்து மொதல்ல புருசனோட வாரிசுக்குத்தாங்கம்மா போகும். அப்படி யாருமே இல்லாட்டித்தான் அம்மா அப்பா."

"அவங்க வெரட்டி விட்டுட்டாங்களே?" என்றேன் நான்.

"வெரட்டுனாங்களா வச்சுக்கிட்டாங்களான்னு சட்டம் கேக்காதுக்கா. அம்பத்தாறுல எழுதுனது. பொம்பளைக்குன்னு தனியா ஒரு சம்பாத்தியம், வீடு இருக்கும்னு அன்னிக்கி யாரு நெனச்சா? இத மாத்தணும்னு டெல்லியில கேசு நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. எப்ப மாறும்னு தெரியாது." கார்த்திகா அழகியைப் பார்க்காமல் பத்திரத்தைப் பார்த்துப் பேசினாள். "செத்தது மகனா இருந்தா ஒங்களுக்கு மொத வரிசையில பங்கு உண்டும்மா. சொர்ணம் ஒரு மகனுக்கு அம்மா. அதான் வருது. நீங்க மகளுக்கு அம்மா."

அழகி தலையை ஆட்டினாள், ரேசன் கடையில் இந்த மாதம் பாமாயில் இல்லை என்று சொன்னால் ஆட்டுவது போல. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவ நர்ஸ் உடுப்பு நாலு செட்டு இருக்கு. அதுவுமா?"

கார்த்திகா பத்திரத்தை மடித்து வைத்தாள். "அவங்க ஒரு உயில் எழுதி வச்சிருந்தாப் போதும்மா. ஒரு பேப்பர். ரெண்டு சாட்சி. யாருமே சொல்லலையா?" என்றாள்.

யாரும் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? சிவரஞ்சனியே சொன்னாள். என் வீட்டில், என் முன்னால்தான் நடந்தது. தீபாவளி ஜாக்கெட் போட்டுப் பார்க்க இரண்டு பேரும் வந்திருந்தார்கள். வார்டில் ஒரு டீச்சர் இறந்துவிட்டதாகவும், சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றே சொத்துச் சண்டை போட்டதாகவும் சொல்லிக்கொண்டிருந்தவள், "நானும் ஒரு உயில் எழுதி வச்சிரலாம்னு பாக்குறேன்மா" என்றாள். அழகி புறங்கையால் அவள் வாயில் அடித்தாள். "வாயக் கழுவு. எழுதுறதா இருந்தா மூத்தவ நான் எழுதுறேன். நீ எதுக்குடி எழுதணும்?" அன்று சாயங்காலமே பிரகதாம்பாள் சன்னதிக்கு இழுத்துப் போய்ச் சூடம் ஏற்றினாள். சிவரஞ்சனி சிரித்துக்கொண்டே கூடப் போனாள். பெற்ற பிள்ளை சாவைப் பேசினால் நம் ஊரில் எந்தத் தாய் கேட்டுக்கொண்டு நிற்பாள்? சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் எந்தத் தாயிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வரும்போது பஸ்ஸில் அழகி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "கேசு போடலாங்க, வயசான காலத்துல எத்தன வருசம் இழுத்தாலும் நீங்க உள்ளதானே இருப்பீங்க" என்று நான் சொன்னதற்கு, "போடலாம்" என்றாள். இறங்க வேண்டிய ஸ்டாப் வந்ததும், "எறங்கு பரிமளா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. எனக்குப் பயமாக இருந்தது. கத்தினாலாவது ஆள் உள்ளே இருக்கிறாள் என்று தெரியும்.

மார்கழி கடைசியில் ஒருநாள் காலையில் சொர்ணம் வந்தாள். தனியாக, டவுன் பஸ்ஸில், ஒரு கட்டைப் பையோடு. வயது எழுபதை ஒட்டியிருக்கும். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் தன் வீட்டு வாசலில் காறித் துப்பாத குறையாகப் பேசின பொம்பளையா இது என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. அவ்வளவு சுருங்கிப் போயிருந்தாள். சும்மா இருக்க மாட்டாமல் நானும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அழகி தண்ணீர் கொடுத்தாள். சொர்ணம் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள்.

"எழிலரசன் எங்கிட்டக் கையெழுத்துக் கேட்டான் சம்பந்தி. வீட்ட அவன் பேருக்கு எழுதச் சொல்லி. பத்திர ஆபீசுக்குக் கார் கொண்டாந்துட்டான்" என்றாள். "நான் ஏறல."

என் மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. திருப்பித் தரத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அழகி முகத்தில் ஒன்றும் இல்லை.

"அவரு இருந்தவரைக்கும் அவரு வீடு. அப்புறம் மவன் வீடு. மருமவ எப்ப சோறு போடுறாளோ அப்ப சாப்புடணும்" என்றாள் சொர்ணம். "தாசில்தார் ஆபீசுல என் பேர வாசிச்சாங்க. இந்த வீடு எனக்குன்னாங்க. இத்தன வயசுக்கு எம்பேருல ஒரு பானை சட்டி கெடையாது சம்பந்தி. மொத தடவையா ஒண்ணு என்னோடதுன்னு வந்திருக்கு. அதக் குடுக்க மனசு வரல. அவனுக்கும் குடுக்கல. ஒங்களுக்கும் குடுக்கல. நீங்க போக வேணாம், இருங்க. நானும் இங்க வந்து இருந்துக்கறேன்."

எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலும் அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அழகியின் அண்ணன் கார் கொண்டுவந்து நிறுத்திய அதே கதையை இவள் தன் வாயால் சொல்கிறாள். ஒரு பொம்பளைக்கு ஒரு வீடு கிடைக்க இன்னொரு பொம்பளை மகளையும் வீட்டையும் சேர்த்துத் தொலைக்க வேண்டுமா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

அழகி அந்தக் கட்டைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மாடி ரூமு வெயிலடிக்கும். கீழ இந்தப் பக்கம் இருந்துக்கங்க" என்றாள். அது சிவரஞ்சனி படுத்திருந்த அறை.

கேஸ் போடும் பேச்சு அதோடு நின்றது. ஏன் என்று கேட்டதற்கு, "யாரு மேல போடுறது? அந்த ஆத்தா மேலயா?" என்றாள் என்னிடம். அவ்வளவு நாளில் அவள் என்னைத் திருப்பிக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

இரண்டு கிழவிகளும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். சண்டை இல்லை, சிரிப்பும் இல்லை. ஒருநாள் மத்தியானம் நான் போனபோது அழகி அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். சொர்ணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாலை போட்ட சிவரஞ்சனி போட்டோ அவளுக்கு நேர் எதிரே இருந்தது.

"அந்தப் பிள்ளைக்கு எம்மேல கோவம் இருந்துச்சா?" என்று சொர்ணம் கேட்டாள்.

"இல்லீங்க" என்றாள் அழகி.

"என்னப் பத்தி எதாச்சும் சொல்லுமா?"

"ஒங்களப் பத்திப் பேசுனதே இல்லீங்க. ஒரு தடவகூட."

சொர்ணம் போட்டோவிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள். அழகி காயை அரிந்து முடித்துத் தண்ணீரில் போட்டாள்.

மாசியில், வீட்டு வரி பெயர் மாற்றத்துக்காக ஒரு ஆள் பார்க்க வந்தார். பைக்கை என் வாசலில் நிறுத்திவிட்டுப் போனதால் நானும் பின்னால் போனேன். அழகி பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்காரங்க யாருங்க?" என்று கேட்டார்.

பழக்கத்தில் அழகி வாயைத் திறந்தாள். திறந்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"நாந்தான்" என்றாள் சொர்ணம். சொல்லும்போது அவள் கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

அவர் எழுதிக்கொண்டு அழகியைப் பார்த்தார். "இவங்க?"

சொர்ணம் திணறினாள். அதை நான் சொல்லத்தான் வேண்டும், அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த மகன் இல்லை, அந்த மருமகளும் இல்லை, சம்பந்தம் என்பது எந்தக் காலத்திலேயோ அறுந்துபோனது. அழகியை என்ன உறவு சொல்வது என்று உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. கையில் கிடைத்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள்.

"வாடகைக்கு இருக்காங்க."

அவர் அழகியிடம் திரும்பி, "ஆமாங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அழகி.

நான் வாயைத் திறந்தேன். அழகி என்னைப் பார்த்தாள். பேசாதே என்றுகூட அந்தப் பார்வை சொல்லவில்லை. அதனால்தான் என்னால் பேச முடியவில்லை. எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா, அன்று அது எதற்கும் உதவவில்லை.

அடுத்த மாதம் சம்பளம் வந்த அன்று அழகி ரூபாயை எடுத்துக்கொண்டு போய் சொர்ணத்தின் முன்னால் நீட்டினாள். நான் ஊக்கு வைக்க ஒரு ஜாக்கெட்டை அழகியிடம் கொடுக்கப் போயிருந்தேன், வாசற்படியில் நின்று பார்த்தேன்.

"இந்த மாச வாடகைங்க" என்றாள்.

"எதுக்குங்க சம்பந்தி" என்றாள் சொர்ணம்.

"இருக்கட்டுங்க."

அழகி குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. கை நீட்டியபடியே நின்றாள். சொர்ணம் அந்தப் பணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கைக்கு யாரும் அதுவரை பணம் கொண்டுவந்து கொடுத்ததில்லை என்று நினைக்கிறேன். வாங்கி, எண்ணிப் பார்க்காமல், முந்தானையில் முடிந்துகொண்டாள்.